கொழுந்து குறைந்தால் கடலுக்கு

ஹட்டன் பஸ் நிலையத்தில் ஜூன் மாத மழை பக்கவாட்டில் அடிக்கிறது. நாளை முதல் ஐந்து நாள் பெந்தோட்டைக் கடற்கரையில் எனக்கு அறை. பாதி விலைக்குக் கிடைத்தபோதே யோசித்திருக்க வேண்டும்.

பக்கத்தில் டிக்கோயாத் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் பத்துப் பேர் வாடகை வேனுக்காக நிற்கிறார்கள். புளிச்சோற்று அண்டா, ஸ்வெட்டர், ஆளுக்கொரு குடை. எந்தக் கோயிலுக்கு என்று அண்டாவைக் காக்கும் அக்காவிடம் கேட்கிறேன்.

"கோயிலுக்கு இல்லிங்க. திருகோணமலைக்குக் கடல்ல குளிக்கப் போறோம்."

"இந்த மழையிலயா?"

"மழ ஊத்துனா கொழுந்து கொறஞ்சிருங்க. அப்பதான் தோட்டத்துத் தொர லீவு குடுப்பாரு. வருசா வருசம் இப்பதான் போறோம். அங்க நல்ல வெயிலா இருக்கும்."

இந்த மாதத்தில் பெந்தோட்டை இருக்கும் மேற்குக் கரையில் மழை, திருகோணமலை இருக்கும் கிழக்கில் வெயில் என்பதை அறைக்குப் பணம் கட்டிய பிறகுதான் இணையத்தில் படித்தேன். இவர்களோ தேயிலைச் செடியைப் பார்த்துக் கிளம்பி, சரியான கரைக்குப் போய்ச் சேர்கிறார்கள்.

"நீங்க எங்கங்க?"

"பெந்தோட்டைக்கு. கடலுக்குத்தான்."

துக்க வீட்டுக்காரனைப் பார்ப்பதுபோல் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். வேன் வருகிறது. ஏறப்போன அக்கா திரும்பி வந்து, அண்டாவை மூடியிருந்த படங்கை உருவி என் கையில் தருகிறார். மழையில் கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் விரிப்பு அது.

"கடல்ல எறங்குறப்ப கட்டிக்குங்க," என்கிறார். "நனையாம இருக்கலாம்."