முற்றத்தில் நின்ற மூன்று கால் ஸ்டாண்டு

ஒருவரைப் பின்தொடரும்போது விசிலடித்துக்கொண்டே போனால் அவருக்குச் சந்தேகமே வராது என்று ஐந்தாம் வகுப்பு முடியும்வரை நம்பியவன் நான். விசிலும் எனக்கு ஒழுங்காக வராது, வெறும் காற்றுதான் வரும். இந்தத் தகுதியோடுதான் அப்பா என்னைச் சித்தப்பாவை வேவு பார்க்க அனுப்பினார்.

ஆரணியில் அப்போது எங்களுக்கு ஒரே வீடு, ஒரே அடுப்பு. கூடத்தில் பட்டுத் தறிகள். சித்தப்பாவுக்குத் தறியைவிடக் கேமராமேல்தான் பிரியம். மூடிய ஸ்டூடியோ ஒன்றிலிருந்து பழைய கேமரா வாங்கி வைத்திருந்தார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்க்கும் ரகம். ஆட்டுக்குட்டி கனம் இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு மலையேறிப் படம் எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு ஸ்டாண்டு வேண்டும்.

மெட்ராஸில் வாங்கிய அலுமினிய ஸ்டாண்டு தூக்குவதற்குச் சுகமாக இருந்தது. கேமராவை வைத்ததும் கால்கள் உள்ளே வழுக்க, அது பெரியவர்களைக் கண்டதுபோல் குனிந்து கும்பிட்டது. திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில் வெளிநாட்டு ஸ்டாண்டு ஒன்றைத் தொட்டுப் பார்த்தாராம். விலையைக் கேட்டதும் கையை எடுத்துக்கொண்டாராம். கடைசியில் வந்தவாசியில், நிலம் அளக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவரின் பரணில் கிடந்த தேக்கு ஸ்டாண்டை மலிவாகப் பேசி முடித்தார். கால் நுனிகளில் இரும்பு முள். தச்சரிடம் கொடுத்துக் கேமரா உட்காரப் பலகை போட்டார். தோளில் மாட்டத் தறிக்கயிற்றில் வார் கட்டினார். முற்றத்தில் விரித்து, நடுவில் தண்ணீர்க்குடத்தைத் தொங்கவிட்டுக் குலுக்கினார். ஸ்டாண்டு அசையவில்லை. அசைந்தது குடும்பம்.

அண்ணன் தம்பி சேர்ந்திருக்கும் வீட்டு முற்றத்தில் நிலம் அளக்கிறவர் ஸ்டாண்டு வந்து நின்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்? அம்மா சித்தியோடு பேசும் பேச்சில் பாதியைக் குறைத்தாள். வீடு இரண்டாகிவிடுமோ என்று எல்லாருக்கும் பயம். சித்தி சுடும் தோசை யார் பங்குக்குப் போகும் என்று எனக்குப் பயம்.

"அவன் எங்க போறான், எந்தப் பக்கம் பாக்கறான், எல்லாத்தையும் வந்து சொல்லு," என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா தேவிகாபுரம் மலைக்குப் போக பஸ் பிடிக்கக் கிளம்பினார். நான் விசிலோடு பின்னால் போனேன்.

"இன்னாடா, பஞ்சர் டயரு மாதிரி புஸ்ஸு புஸ்ஸுன்னு பின்னாலயே வந்துகினு கீறே? ஜல்தியா வா, ஸ்டாண்டைத் தூக்கு."

ஆக, சாட்சிப் பொருளை நானே சுமந்துகொண்டு மலையேறினேன். மேலே நல்ல காற்று. வேட்டி பறந்தது, ஸ்டாண்டு நின்றது. சித்தப்பா கட்டைவிரலை நீட்டி ஒரு கண்ணை மூடினார். பிறகு வெகுநேரம் துணிக்குள்ளேயே இருந்தார். எல்லாவற்றையும் மனதில் குறித்துக்கொண்டு வந்து அப்பாவிடம் ஒப்பித்தேன்.

"ஆரணி பக்கமாத்தான்பா பாத்தாரு. வெரலால அளந்தாரு!"

அன்று சாயங்காலமே அப்பா ஆரம்பித்துவிட்டார். "ஊட்டை அளக்கணும்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லமாட்டே?"

சித்தப்பா சிரித்துவிட்டார். "இன்னாண்ணா பேஜாரு பண்றே! கேமரா கனமா கீது. அதுக்குத்தான் இது."

சில நாளில் படத்தைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தார். வயல், வரப்பு, தூரத்துப் பனைமரம் எதுவும் துளிகூட ஆடவில்லை. எல்லாரும் சிரித்தோம். அப்பா மட்டும் படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

பொங்கலுக்கு முன்பே நிஜமான அளவைக்காரர் சங்கிலியோடு வந்தார். முற்றத்தின் நடுவே சுவர் எழுந்தது. மலையும் படமும் வெறும் நாடகம், சித்தப்பா நம்மை ஏமாற்றிவிட்டார் என்று நான் முடிவு கட்டினேன். பல வருஷம், தெருவில் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவேன்.

என் கல்யாணப் பத்திரிகை வைக்கத்தான், பின்னாளில் அவர் திறந்திருந்த ஸ்டூடியோவுக்குள் போனேன். நாக்கு சும்மா இருக்கவில்லை. "அன்னிக்கி மலைமேல நம்ம வீட்டைத்தானே சித்தப்பா அளந்தீங்க?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் ஸ்டாண்டு வாங்கறதுக்கு முன்னாலயே அளக்கறவனுக்குச் சொல்லி வெச்சது உங்கப்பாருடா. நீ வேவு பாத்திருக்க வேண்டிய ஆளு உன்னை அனுப்பின ஆளுதான், மடையா."