சுனந்தாவுக்கு வரவில்லை என்று நான் எழுதினேன்

புனேயில், விஷ்ராந்த்வாடியில் நான் குடியிருந்த தெருமுனையில் காய்கறி விற்ற பெண்மணி முதல் நாளே என்னை "அண்ணா" என்று கூப்பிட்டார். கோயம்புத்தூர்க்காரனுக்கு அந்த ஒரு சொல் போதும், உருகிவிடுவான். வெண்டைக்காய் முற்றலாக இருந்தாலும் அவரிடமே வாங்கினேன். ஐந்தாறு மாதம் கழிந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. உடுப்பி ஹோட்டல் கல்லாவில் இருப்பவர், கேரளத்து டயர் கடைக்காரர், லாரி ஓட்டி வந்த நாமக்கல்காரர், எல்லாருமே புனேயில் அண்ணாதான். தெற்கிலிருந்து வந்தவன் என்று அவர் என்னை அடையாளம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் அதை உறவுமுறை என்று எடுத்துக்கொண்டு முற்றல் வெண்டைக்காய் தின்றுகொண்டிருந்தேன்.

அதில் பிறந்த ரோஷத்தில் மராத்தி கற்றுக்கொண்டேன். வாத்தியார் யாரும் கிடையாது. அந்தக் காய்கறிக் கடை, வீட்டுக்காரர், பி.எம்.டி. பஸ் கண்டக்டர்கள், இவர்களிடம் தப்பும் தவறுமாகப் பேசிப் பேசியே கற்றேன். மூன்று வருடம் போனது. ஒருநாள் வீட்டுக்காரர், இனிமேல் உங்களை மதராசி என்று சொல்ல முடியாது என்று சிரித்தார். அன்றைக்கு எனக்கு வந்த கர்வத்தைச் சொல்லி மாளாது. ஊரில் இருக்கும் உங்களுக்கு இது அற்பமாகத் தோன்றலாம். என்னைப் போல வேறு மாநிலத்தில் வாயடைத்து நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். அந்தக் கர்வம்தான் இரண்டாயிரத்து ஒன்றில் ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தது.

அப்போது நான் புனேயின் கேம்ப் பகுதியில், ஒரு செருப்புக் கடைக்கு மேல் இரண்டாவது மாடியில் இயங்கிய சின்ன வெப்சைட் கம்பெனியில் வேலை பார்த்தேன். ஹோட்டல்களுக்கும் ஏற்றுமதிக்காரர்களுக்கும் பக்கங்கள் செய்து கொடுப்போம். வெப் டெவலப்பர் ஒருவர் தேவைப்பட்டார். எங்கள் மேலாளர் தேஷ்பாண்டே மேடம் முதல் சுற்றை என்னிடம் ஒப்படைத்தார். சாயங்காலத்துக்குள் மூன்று பெயர் கொடுங்கள், மறுநாள் அவர்களை நான் பார்க்கிறேன், அதோடு முடித்துவிடலாம் என்றார். பரீட்சை எளிமையானது. பெயர், ஊர், போன் நம்பர் கேட்கும் ஒரு பக்கம். விவரங்களை நிரப்பி அனுப்பினால் எங்கும் போய்ச் சேராது. நான் வேண்டுமென்றே அதில் மூன்று பிழைகளை வைத்திருந்தேன். கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துச் சரிசெய்ய வேண்டும். உதவிக்குப் புரோகிராம் கோடின் அச்சுப் பிரதி ஒன்றும் கையில் கொடுப்போம்.

நாலாவதாக வந்தவள் சுனந்தா. பார்ஷியிலிருந்து வந்திருந்தாள். சோலாப்பூர் பக்கத்து ஊர். புனேயில் தாபோடியில் சித்தி வீட்டில் தங்கியிருப்பதாக பயோடேட்டாவில் எழுதியிருந்தது. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். மனப்பாடம் செய்த இரண்டு வாக்கியங்கள் வந்தன. மூன்றாவது வாக்கியத்தின் நடுவில் நின்றுவிட்டாள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு மேசையையே பார்த்தாள். எனக்கு மனசு இளகியது. "மராத்தீத் போலா" என்றேன். மராத்தியிலேயே பேசுங்கள் என்று ஒரு தமிழன், மராத்தி மண்ணில், ஒரு மராத்திப் பெண்ணுக்கு அனுமதி கொடுக்கிறேன். அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் நன்றி இருந்தது. எனக்கும் உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

வழக்கமாகப் பரீட்சை நடக்கும் கம்ப்யூட்டரில் முந்தைய ஆள் இன்னும் முடிக்கவில்லை. அதனால் அவளை ஜன்னலோரத்து மேசையில் உட்கார வைத்தேன். அந்தத் திரையின் முதுகு என் பக்கம் இருந்தது. முந்தைய ஆளின் வேலையை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, கால் மணி நேரத்தில் அவள் எழுந்து நின்றாள்.

"சர், யேத் நாஹீயே" என்றாள்.

யேத் நாஹீ என்றால் எனக்கு நன்றாகத் தெரியும். நானே நூறு தரம் சொல்லியிருக்கிறேன். மராத்தி யேத் நாஹீ, அதாவது மராத்தி வராது, தெரியாது. பாவம், உண்மையை ஒப்புக்கொள்கிறாள் என்று நினைத்தேன். இருக்கும் கனிவையெல்லாம் திரட்டி, பரவாயில்லை, நீங்கள் போகலாம் என்று மராத்தியில் சொன்னேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் அவளுடைய தாளில் "அடிப்படையே வரவில்லை" என்ற பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி, வேண்டாதவர்கள் அடுக்கில் வைத்தேன்.

இரண்டு பேர் கழித்து வந்த இளைஞன் அதே ஜன்னலோரத்து மேசையில் உட்கார்ந்தான். உட்கார்ந்த இரண்டாவது நிமிடம் கையைத் தூக்கி, சார், பக்கம் லோட் ஆகவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னான். உடனே எழுந்து போனேன். திரை வெள்ளையாக இருந்தது. குனிந்து பார்த்தால் நெட்வொர்க் கேபிள் கழன்று தரையில் கிடந்தது. வந்தவர்களுக்கு நாற்காலி போடக் காலையில் மேசைகளை நகர்த்தியிருந்தோம், அப்போது பிடுங்கிக்கொண்டிருக்கிறது. கேபிளைச் செருகிவிட்டு நிமிர்ந்தபோதுதான் சுனந்தா ஞாபகம் வந்தது. காலையிலிருந்தே கேபிள் கழன்று கிடந்ததென்றால், அவள் எதைப் பார்த்துத் தெரியாது என்று சொன்னாள்?

அடுக்கிலிருந்து அவளுடைய தாள்களை உருவினேன். நாலாக மடித்து அவள் விட்டுச் சென்றிருந்த அச்சுப் பிரதியை அதுவரை நான் பிரிக்கவே இல்லை. பென்சிலால் மூன்று பிழைகளையும் வட்டமிட்டு, பக்கத்தில் திருத்தமும் எழுதியிருந்தாள். நாலாவதாக ஒரு வட்டமும் இருந்தது. அதை நான் வேண்டுமென்று வைக்கவில்லை. எனக்கே தெரியாமல் நான் செய்திருந்த பிழை அது.

தாளை எடுத்துக்கொண்டு தேஷ்பாண்டே மேடத்தின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவள் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்கள் என்றார். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மலா யேத் நாஹீ" என்றால்தான் எனக்குத் தெரியாது என்று அர்த்தம், அந்தப் பெண் சொன்னது "யேத் நாஹீயே", பக்கம் வரமாட்டேன் என்கிறது என்று உங்களிடம் முறையிட்டிருக்கிறாள் என்றார். பிறகு, உங்களை யார் மராத்தியில் கேட்கச் சொன்னது என்று ஆங்கிலத்தில் கேட்டார். அதில் கோபத்தைவிடச் சலிப்புதான் அதிகம். நாளைக் காலை பத்து மணிக்கு அவள் இங்கே இருந்தால் பார்க்கிறேன், இல்லாவிட்டால் இருப்பவர்களில் ஒருவரை எடுத்துவிடுவேன் என்று முடித்தார்.

படியிறங்கும்போது என் முதல் இன்டர்வியூ ஞாபகம் வந்தது. தொண்ணூற்றெட்டில், புனே வந்த இரண்டாவது வாரம். பள்ளிக்கூடத்தில் இந்தி படித்தவனில்லை நான். எனக்குத் தெரிந்த ஒரே இந்தி, போகலாம் என்று சொல்லும் "சலோ". என் சர்டிபிகேட்டுகளைப் புரட்டிய பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் "சலேகா" என்றார். போகச் சொல்கிறார் என்று நினைத்து, வணக்கம் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். கீழ்ப்படி வரைக்கும் இறங்கிவிட்டேன். அந்த அலுவலகத்தில் டைப் அடிக்கும் அம்மாள் மூச்சு வாங்க ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். சலேகா என்றால் இவன் போதும், சரிப்படுவான் என்று அர்த்தமாம். அந்த அம்மாள் இரண்டு மாடி இறங்கி வராமல் இருந்திருந்தால் நான் அன்றைக்கே ரயிலேறியிருப்பேன். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கீழே ஒரு பூத்திலிருந்து கூப்பிட்டேன். பயோடேட்டாவில் இருந்த நம்பர் தாபோடியில் ஏதோ ஒரு மாவுமில்லுடையது. இரைச்சலில் மில்காரருக்கு நான் சொன்னது கேட்கவில்லை, அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை. ரிக்‌ஷா பிடித்து நேரிலேயே போனேன். கட்கி தாண்டி, ஆற்றுப் பாலம் கடந்து, தாபோடியில் ஒரு சந்துக்குள் வீட்டைக் கண்டுபிடிப்பதற்குள் மணி ஆறு. கதவைத் திறந்தவர் சித்தியாக இருக்க வேண்டும். ஆபீஸ் சட்டையில் முன்பின் தெரியாத ஒருவன் வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்லி விசாரித்தால் எந்தச் சித்தி வரவேற்பார்? அவசரத்தில் என் மராத்தியும் குழறியது. ஆபீஸில் தப்பு நடந்துவிட்டது என்று நான் சொல்ல, பெண்தான் ஏதோ தப்பு செய்துவிட்டாள் என்று அவர் புரிந்துகொண்டார். முகம் மாறியது. கதவு பாதி மூடிவிட்டது.

"நீங்க தமிழா?" என்று பக்கத்து வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது. கையில் துடைப்பத்தோடு ஒரு அம்மாள் நின்றிருந்தார். பெயர் சரோஜா. வேலூர்ப் பக்கம். கணவர் தொழிற்சாலையில் ஃபிட்டர், இருபத்தைந்து வருடமாக அங்கேதான் இருக்கிறார்கள். நான் தமிழில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அந்தப் பொண்ணு மூஞ்சே சரியில்லாமதான் ஆபீஸ்லருந்து வந்துச்சு. நாளைக்குக் காலைல மொத பஸ்ல ஊருக்குப் போவுது. அவங்கப்பா ஒரு மாசம்தான் டைம் குடுத்தாரு, இன்னியோட முடிஞ்சுபோச்சு. ஊர்ல போயி மாமன் செராக்ஸ் கடைல ஒக்காரணுமாம்" என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏங்க, நம்மளும் அப்டித்தானே சொல்றோம். பஸ் வரலேன்றோம், இந்தி வரலேன்றோம். தமிழ்ல வெச்சு ரோசிச்சிருந்தா அப்பவே புரிஞ்சிருக்குமே."

மூன்று வருடம் பாடுபட்டு மராத்தியை மராத்தியாகவே கற்றுக்கொண்டிருந்தேன். என் சொந்த மொழியை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

சரோஜாக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சித்தியிடம் போய் மராத்தியில் மளமளவென்று பேசினார். கதவு முழுக்கத் திறந்தது. சுனந்தா வெளியே வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. தப்பு என் மேல்தான், பக்கம் வராதது கேபிளால்தான், நாளைக்குப் பத்து மணிக்கு நீங்கள் வர வேண்டும் என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னேன். இனி மராத்தியில் வாய்திறக்க எனக்குத் தைரியமில்லை. ஒரு விஷயம் மட்டும் கேட்டேன், ஏன் நீங்கள் மறுபடியும் சொல்லவில்லை? அவள் சித்தியின் தோளுக்குப் பின்னாலிருந்து மராத்தியில் சொன்னதைச் சரோஜாக்கா எனக்குத் தமிழாக்கினார். "இந்த ஒரு மாசத்துல ஏழு ஆபீஸ் போச்சாம். நீங்க ஒருத்தர்தான் அதுகிட்ட மராட்டில பேசினீங்களாம். உங்களுக்குப் புரியலன்னு சொன்னா உங்க மனசு கஷ்டப்படுமேன்னு இருந்துடுச்சாம்."

ரிக்‌ஷாவுக்குத் திரும்பி நடக்குமுன் சரோஜாக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மறுநாள் பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவள் வந்துவிட்டாள். தேஷ்பாண்டே மேடம் அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நான் என் மேசையில் ஒரு வேலையும் ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். கதவு மூடியிருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது, இரண்டு பெண்களின் சிரிப்பு. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் பற்றித்தான். அவ்வளவு நிம்மதியாக நான் அதற்கு முன் யாருடைய கேலிக்கும் ஆளானதில்லை. மேடம் வெளியே வந்து, திங்கட்கிழமையிலிருந்து வருகிறாள் என்றார். நாலாவது பிழையைத் திருத்திவிட்டீர்களா என்றும் கேட்டார். சுனந்தா அந்த அலுவலகத்தில் ஐந்து வருடம் இருந்தாள். ஆறே மாதத்தில் என்னைவிட நன்றாக ஆங்கிலம் பேசினாள். என் மராத்தியை, தேவைப்படும் இடங்களில், முகத்துக்கு நேராகவே திருத்தினாள்.

சுனந்தா தேர்வான அன்று சாயங்காலம் விஷ்ராந்த்வாடியில் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அம்மாவுக்குப் போன் போட்டேன். ஒரு பெண்ணுக்கு வேலை கிடைத்ததை என்னவோ எனக்கே கிடைத்த மாதிரி சொன்னேன் போலிருக்கிறது. "நம்மூருப் புள்ளையா கண்ணு?" என்று அம்மா கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஆமாம்மா, நம்மூருப் புள்ளதான்" என்று வந்தது. எந்த ஊர், கவுண்டம்பாளையமா, துடியலூரா, யார் வீட்டுப் பிள்ளை என்று அம்மா அடுக்கிக்கொண்டே போனார். அதற்குள் வெளியே வரிசையில் நின்ற மராத்திக்காரர் கண்ணாடிக் கதவை விரலால் தட்டினார். நான் கதவைக் கொஞ்சம் திறந்து அவரிடம், "ஒரு நிமிசம் இருங்க" என்றேன். போனில் அம்மாவிடம், அதையே மராத்தியில், "தாம்பா" என்றேன்.

இரண்டு பேரும் ஒன்றும் புரியாமல் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.