வீடு கழுவக் கொடுத்த காசு

புயல் வெள்ளம் வடிந்தபின், வீடு கழுவ அரசு கொடுத்த அவசர உதவிக்காசு ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்க்க வாவிக்குள் இருக்கும் ஒரு தீவுக்குப் போனேன். முதல் வீட்டுக்குள் முழங்காலளவு சேறு. வீட்டுக்காரி சேலையை வரிந்து கட்டி, புது வலையோடு தண்ணீருக்கு ஓடிக்கொண்டிருந்தார். பேசும்போதும் அவர் கண் வாவியை விட்டு அகலவில்லை.

“வீடு கழுவக் குடுத்த காசு எங்க அக்கா?”

“இந்தா, இதுதான்,” என்று வலையைக் காட்டினார். “வெள்ளம் வடியக் கடல் பக்கத்து மண்திட்ட வெட்டி முகத்துவாரத்தத் திறந்துட்டாங்க தம்பி, இறாலெல்லாம் கடலுக்கு ஓடுது. சேறு எங்க ஓடப்போகுது? மத்தப் பக்கத்தப் பிடிங்க.”

சப்பாத்தோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். வலை கனத்தபோது அவரைவிட நான்தான் அதிகம் கத்தினேன்.

அந்த வீட்டைக் கழுவினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பார்த்துவரப் போனவன் நான்தான்.