அணியத்தில் இருந்தவர்

2006 செப்டம்பர் 16, சனிக்கிழமை. காலை 4.45க்கு எழுந்தேன். முகம் கழுவி, தேநீர் போட்டு, மொன்ட்ரியால் நகரின் லாசாலில் எங்கள் மூன்றாம் மாடி ஜன்னலால் பார்த்தால் எதிர்க் கட்டடமே தெரியவில்லை, அவ்வளவு பனிமூட்டம். மனைவி கமலா இரவே செய்து வைத்த முட்டை வைத்த பாண் ரொட்டியை மூன்று பொட்டலமாகக் கட்டினேன். 5.30க்குக் கார். இவ்வளவும் என் நாட்குறிப்பில் இருக்கிறது. இனிச் சொல்லப் போவதும் இருக்கிறது, ஆனால் அதை எழுதிய பக்கத்தை நான் அடிக்கடி திறப்பதில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். வீட்டில் சாமிப் படத்துக்கு விளக்கு ஏற்றுவது கமலா. எண்ணெய் எத்தனை நாளைக்கு வரும் என்று கணக்குப் பார்ப்பது நான். ஒரு தையல் தொழிற்சாலையில் பதினான்கு வருடம் தரம் பார்ப்பவனாக இருந்தேன். ஒரு சட்டையில் எட்டுப் பொத்தான் இருக்க வேண்டும் என்றால் எட்டு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. இந்தக் கதையை நம்பாமல் விட உங்களுக்கு உரிமை உண்டு. நானே முழுதாக நம்பியதில்லை. ஆனால் எனக்கு எண்ணத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

தொழிற்சாலையை மூடிய பிறகு புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் ஒப்பந்த வேலை, அதுவும் ஒக்டோபருடன் முடிகிறது. அந்தக் கோடையில்தான் றெஜானிடம் சேர்ந்தேன். றெஜான் ஒரு கியூபெக்காரர், லாக் சென்-லூயி ஏரியின் தெற்குக் கரையில் இரண்டு படகு வைத்து ஆட்களைப் பாஸ் மீன் பிடிக்கக் கூட்டிப் போகிறவர். மீன் எந்த நாணல் ஓரத்தில், எந்த நேரத்தில் நிற்கும் என்று தெரிந்தவர். சனி, ஞாயிறுகளில் அவருக்கு உதவியாளாகப் போய் எல்லாம் பழகினேன், அனுமதி அட்டையும் எடுத்தேன். தமிழ் ஆட்கள் நிறையப் பேர் கேட்கிறார்கள் என்பதால், சின்னப் படகை என்னிடம் விட்டுப் பார்க்கப் போவதாகச் சொன்னார். அந்தச் சனிக்கிழமைதான் நான் தனியாகப் போகும் முதல் நாள். சரியாகச் செய்தால் அடுத்த மே மாதத்திலிருந்து முழுநேர வேலை, இல்லாவிட்டால் இல்லை. நாற்பத்தொன்பது வயதில், உடைந்த பிரெஞ்சோடு, இன்னொரு இடத்தில் யார் என்னை எடுப்பார்கள்?

றெஜானின் சட்டங்கள் மூன்று. புறப்படுமுன் பயணிகள் புத்தகத்தில் எல்லோருடைய பெயரும் கையெழுத்தும் வேண்டும். சின்னப் படகின் காப்புறுதி மூன்று பேருக்குத்தான், உயிர்காப்பு அங்கியும் மூன்றுதான். மூன்றாவது, அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், ஒரு சின்ன மின்மோட்டார் இருக்கிறது, காலால் பெடலை அமத்தித்தான் அதைத் திருப்புவது. நாணல் ஓரத்தில் சத்தமில்லாமல் படகைப் பிடித்து வைத்திருக்க அதுதான் உயிர். அந்தப் பெடலை வந்தவர்களிடம் ஒருநாளும் கொடுக்கக் கூடாது.

வந்தவர்கள் இரண்டு பேர். மொன்ட்ரியால்-நோரில் இருக்கிற ரவியும் அவருடைய மச்சான் குகனும். இருவருக்கும் முப்பத்தைந்து வயது மட்டில். அங்கி போட்டோம், தூறல் என்பதால் மேலே தொப்பி வைத்த பச்சை மழைக்கோட்டும் போட்டோம். புத்தகத்தில் மூன்று கையெழுத்து. 7.05க்குப் புறப்பட்டோம்.

"அண்ணை, இந்தப் புகார் மூட்டத்துக்க மீனுக்கு எங்களைத் தெரியுமோ?" என்று குகன் கேட்டார்.

"உன்னைத் தெரிஞ்சா அது ஒன்ராறியோவுக்கு ஓடிடும், பேசாம இரு" என்றார் ரவி.

இப்படித்தான் போனோம். தீவுகளுக்குப் பக்கத்தில் நாணல் காடு தொடங்கும் இடத்துக்கு வந்து இயந்திரத்தை நிற்பாட்டினேன். நான் படகின் பின்முனையில், இயந்திரத்துக்குப் பக்கத்தில். முறைப்படி நான் எழும்பி அணியத்துக்குப் போய்ப் பெடலைப் பிடிக்க வேண்டும். ஆனால் மூட்டம் இன்னும் இறுகிவிட்டது. கப்பல் போகும் கால்வாய் அதிக தூரத்தில் இல்லை, கையில் திசைகாட்டியோடு இயந்திரத்தை விட்டு நகரப் பயமாக இருந்தது. என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது முன்னாலிருந்து ஒரு குரல், "பெடலை நான் பாக்கிறன், நீங்கள் இருங்கோ" என்றது.

நான் ரவி என்று நினைத்தேன். சட்டத்தை மீறுகிறேன் என்று தெரிந்தேதான் "சரி, மெல்லமா அமத்துங்கோ" என்றேன். அது என் பிழை. அதை மறைக்கவில்லை.

அதன் பிறகு நடந்தது எல்லாம் நல்லதுதான், அதுதான் கேளுங்கள். காற்று இருந்தும் படகு நாணலிலிருந்து ஒரு தூண்டில் வீச்சுத் தூரத்தில் அப்படியே நின்றது. றெஜான்கூட அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை. ரப்பர் புழுவைப் போட்ட இடத்தில் எல்லாம் மீன். அளந்து, எழுதி, திரும்ப விட்டோம். 8.40க்கு என் குறிப்புப் புத்தகத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "பெடல் ரவி. நன்றாகச் செய்கிறார்." 9.15க்கு ஒரு பகிடிகூட எழுதியிருக்கிறேன். முன்னாலிருந்து யாரோ, "இந்த ஏரி மீன் பிரெஞ்சு மட்டும்தான் கதைக்குமாம், அதுதான் எங்களைக் கண்டா வாயைத் திறக்குதில்லை, பசிச்சா மட்டும் திறக்கும்" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். நான் பார்த்ததெல்லாம் தொப்பி போட்ட இரண்டு முதுகுகள். ஒன்று அணியத்தில், ஒன்று நடு வாங்குப் பலகையில். இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

10.30 மட்டில் மூட்டம் ஒரு ஐந்து நிமிடம் விலகியது. றெஜானின் பெரிய படகு தூரத்தில் தெரிந்தது, கை காட்டினேன், அவர் திருப்பிக் காட்டவில்லை. 10.50க்குக் குகனின் தூண்டில், நாணல் காடு நீட்டிக்கொண்டிருந்த ஒரு முனையில் சிக்கியது. அதை எடுக்கப் படகைக் கிட்டக் கொண்டுபோய், இரண்டு நிமிடம் நின்று, விலக்கினேன். 11.20க்குத் துறைக்குத் திரும்பினோம்.

றெஜான் எங்களுக்கு முன்பே வந்து துறைப் பலகையில் நின்றார். முகம் சிவந்திருந்தது. கயிற்றைக் கட்டுமுன்பே பிரெஞ்சில் கேட்டார், நாலாவது ஆள் எங்கே என்று.

எனக்கு விளங்கவில்லை. மூன்று பேர்தான் என்றேன். அவர் கழுத்தில் தொங்கிய தொலைநோக்கியைத் தூக்கிக் காட்டினார். "நாலு பேரை எண்ணினேன், ஒருதரம் இல்லை, மூன்றுதரம் எண்ணினேன், அங்கி மூன்றுதான், ஒருவன் அதுகூட இல்லாமல் என் பெடலில் கால் வைத்து இருக்கிறான், நீ பின்னால் இருந்து எனக்குக் கை காட்டுகிறாய்" என்றார். இடையில், கியூபெக்காரர் திட்டும்போது சொல்கிற ஒரு தேவாலயச் சொல்லும் வந்தது.

நான் ரவியைப் பார்த்தேன். "நீங்கள்தானே பெடல் பிடிச்சது, சொல்லுங்கோ" என்றேன்.

"நானோ? எனக்கு நாரி நோ, குனிஞ்சு நிமிர ஏலாது அண்ணை, நான் வாங்கில இருந்து எழும்பவே இல்லை. உங்கட மற்ற அண்ணை எல்லோ பிடிச்சவர்."

"எந்த அண்ணை?"

"என்ன, பகிடி விடுறீங்களோ?" என்றார் குகன். "முன்னுக்கு இருந்தவர். அந்தப் பிரெஞ்சு மீன் கதை சொன்னவர். நீங்களும் சிரிச்சனீங்கள்தானே. பாண் வேண்டாமெண்டவர்."

"அவர் எங்க இப்ப?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ரவி மெதுவாகச் சொன்னார்: "அந்த நாணல் முனையில இறங்கினவர் அண்ணை. நீங்கள்தானே அவருக்காகப் படகைக் கிட்டக் கொண்டு போனனீங்கள். தோணி ஏதும் கட்டி வைச்சிருப்பார் எண்டு நினைச்சம்."

நம்பினால் நம்புங்கள், அந்த இடத்தில் எனக்குப் பயம் வரவில்லை. குழப்பம்தான் வந்தது. தலைக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். ரவியும் குகனும் வாங்கில் என்றால் அங்கே இரண்டு முதுகு. அணியத்தில் ஒன்று. நான் மூன்று முதுகு பார்த்திருக்க வேண்டும். பார்த்தது இரண்டு. அப்படியென்றால் வாங்கில் இருந்த ஒருவரை நான் நாலு மணித்தியாலம் பார்க்கவில்லையா? அவர் பிடித்த மீனை அளந்து கையில் கொடுத்தவன் நானல்லவா? எப்படிக் கூட்டினாலும் ஒன்று கூடியது அல்லது ஒன்று குறைந்தது.

றெஜானுக்கு இந்தக் கணக்கு ஒன்றும் தேவையில்லை. நான் காசு வாங்காமல் ஒரு கூட்டாளியை ஏற்றி, வழியில் இறக்கிவிட்டேன் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அவர் சொன்னது இதுதான்: பொய் சொன்னால் இப்போதே சாவியைத் தா. உண்மையைச் சொன்னால் இந்த ஒருதரம் மன்னிக்கிறேன். யார் அவன்?

இதைத்தான் நான் இன்றுவரை திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். உண்மையைச் சொன்னால் அவருக்கு நான் பொய்யன், அல்லது தன் படகில் எத்தனை பேர் என்று தெரியாத வழிகாட்டி. இரண்டிலும் வேலை போகும். நான் சொன்னேன்: "என்னுடைய கூட்டாளி. அந்த முனையில் அவருக்குச் சொந்தத் தோணி நிற்கிறது. பத்திரமாகப் போய்விட்டார்."

அவர் பயணிகள் புத்தகத்தை நீட்டினார். பெயரை எழுது என்றார். செல்வராசா என்று எழுதினேன். அந்தப் பெயரில் எனக்கு ஒருவரையும் தெரியாது, ஏன் அது வந்தது என்றும் தெரியாது. பக்கத்தில், பத்திரமாக இறங்கினார் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

கார் ஓட்டி வரும்போதுதான் அடுத்தது விளங்கியது. அந்த முனையில் தோணி இல்லை. நான் கிட்டப் போய்ப் பார்த்த இடம். நெஞ்சளவு தண்ணீர், கீழே சேறு. அப்படி ஒருவர் இருந்திருந்தால், அங்கி இல்லாமல், அதற்குள்தான் இறங்கியிருக்கிறார். அவரைத் தேட வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான்.

கமலாவிடம் சொன்னேன். அவள் கேட்டாள்:

"தேத்தண்ணிக்குச் சீனி அரைக் கரண்டி கூடினாலே கண்டுபிடிக்கிற மனுசன் நீங்கள். ஒரு ஆளையோ தவறவிட்டனீங்கள்?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை."

"ஆள் இருந்ததோ இல்லையோ, ஒருக்காப் போய்ப் பாருங்கோ. இல்லாட்டி நீங்களும் நித்திரை கொள்ள மாட்டியள், நானும் கொள்ளன்."

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். ஞாயிறு மத்தியானம் பெயர் சொல்லாமல் பொலிசுக்குத் தொலைபேசி எடுத்து, அந்த நாணலுக்குள் யாரோ நிற்பது போலிருந்தது என்றேன். படகில் போய்ப் பார்த்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை என்று துறையில் பேசிக்கொண்டார்கள். அந்த மாதமும் அடுத்த மாதமும் காணாமல் போனவர்கள் பற்றிய செய்தி ஒவ்வொன்றையும் வாசித்தேன். பொருந்துகிற ஆள் ஒருவரும் இல்லை. வேலை கிடைத்தது. மூன்று கோடை அந்தப் படகை ஓட்டினேன், பெடலை யாரிடமும் கொடுக்கவில்லை. ரவியை ஒருமுறை கடையில் கண்டேன், "அந்த அண்ணை சுகமோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

நான் சொல்ல வந்தது ஞாயிற்றுக்கிழமை காலை. செப்டம்பர் 17. எழுந்து முதலில் தேநீர் போடுகிறவன், அன்று போடவில்லை. 5.05க்குக் காரை எடுத்தேன். படகுச் சாவி என்னிடம்தான் இருந்தது. 6.30 மட்டில், விடிகிற வெளிச்சத்தில், அந்த முனையில் இயந்திரத்தை நிற்பாட்டினேன். அன்று மூட்டம் இல்லை. தோணி இல்லை. நாணல் ஒன்றுகூட முறிந்திருக்கவில்லை. துடுப்பைக் குத்திப் பார்த்தேன், சேறு அதைப் பிடித்து வைத்துக்கொண்டது, இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது.

கூப்பிட்டுப் பார்க்காமல் திரும்ப மனம் வரவில்லை. ஆனால் பெயர் இல்லாத ஒருவரை என்னவென்று கூப்பிடுவது? என்னிடம் இருந்தது நான் பொய்யாக எழுதிய பெயர் ஒன்றுதான். வெட்கமாக இருந்தது. ஆனாலும் கூப்பிட்டேன்.

"செல்வராசா அண்ணை!"

ஒன்றும் இல்லை. ஒரு நாரை எழும்பிப் போனது. இன்னும் கொஞ்சம் பலமாக, இரண்டாம் தரம் கூப்பிட்டேன்.

நாணலுக்குள், பதினைந்து அடி தூரத்தில், யாரோ தொண்டையைச் செருமினார்கள். இருமல் இல்லை. கனநேரம் பேசாமல் இருந்த ஒருவர், பதில் சொல்லுமுன் குரலைச் சரிசெய்வாரே, அது.

நேரம் 6.34. நான் மூன்றாம் தரம் கூப்பிடவில்லை. இயந்திரக் கயிற்றை இழுத்தேன், முதல் இழுப்பிலேயே பிடித்தது. அந்தச் சத்தத்தில், பின்னால் யாராவது ஓம் என்றார்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது.