விடச் சொல்லாத பத்தி

எழுதத் தெரிந்தவர்கள் இருக்கும்போது நான் பேனா எடுப்பது சரியில்லைதான். பத்தாம் வகுப்போடு நின்றவள். பஸ்ஸில் என் ஸ்டாப்பைக் கேட்கவே கூச்சப்படுகிறவள். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

கம்பத்தில் ஒரு திருமணத் தகவல் மையத்தில் கம்ப்யூட்டரில் விவரம் பதிவது என் வேலை. வெள்ளிக்கிழமைதோறும் பெண்களின் பட்டியலை மாப்பிள்ளை வீட்டாரின் வாட்ஸ்அப் குரூப்புக்கு அனுப்புவோம். ஒரு பெண்ணுக்கே இருபது பத்திகள் இருக்கும்: வயது, படிப்பு, நட்சத்திரம், உயரம் என்று. பட்டியல் எடுக்கும்போது அத்தனையையும் கம்ப்யூட்டரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு எடுக்கச் சலிப்புப்பட்டு, ‘இவை தவிர எல்லாம்’ என்று அதற்குச் சொல்லி வைத்திருந்தோம். விடச் சொன்னவை மூன்று: முகவரி, போன் நம்பர், சம்பளம்.

வீட்டார் காதோடு சொல்லும் விஷயங்களை ஒரு நோட்டில் எழுதுவேன். அந்த நோட்டு மேசையில் கிடப்பது எனக்குப் பிடிக்கவில்லை. புரோகிராம் எழுதிக் கொடுத்த தேனிக்காரரிடம் நானே கேட்டு, ‘உள்குறிப்பு’ என்று ஒரு பத்தி சேர்க்கச் சொன்னேன். அதில் முதலில் ஏற்றியது காமயகவுண்டன்பட்டிப் பெண் ஒருத்தியைப் பற்றி: ‘நாலு வயதில் இதய ஆபரேஷன். இப்போது நலம். பெண் பார்க்க வரும்போது வீட்டாரே சொல்வார்கள்.’ பண்ணைப்புரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஞாயிறன்று அவளைப் பார்க்க வருவதாக இருந்தது.

சனிக்கிழமை காலை அவள் அம்மா போனை நீட்டியபடியே உள்ளே வந்தார்.

“இதை யாரு எழுதுனது?”

முந்தின நாள் நான் அனுப்பிய பட்டியல். கடைசிப் பத்தியில் என் வார்த்தைகள்.

“மாப்பிள்ளையோட அம்மா விடிஞ்சதும் இதை அனுப்பிட்டுப் போன் போட்டாக. ‘நீங்க எப்பச் சொல்லலாம்னு இருந்தீக?’ன்னு கேட்டாக. உங்கிட்டத்தானத்தா சொன்னேன்? ஊருக்கா சொன்னேன்?”

எங்கள் முதலாளி பதறி எழுந்தார். “உக்காரு தங்கச்சி, காப்பி சொல்றேன்.”

“நீங்களே குடிங்கண்ணே. எத்தனை மடக்கு குடிச்சீகன்னு அதையும் குரூப்புல போடுங்க.”

தேனிக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார் முதலாளி.

“மெஷின் தப்புப் பண்ணலண்ணே. மூணை விடுன்னீக, விட்டுருச்சு. புதுசாச் சேத்ததை விடச் சொல்லி அக்கா எழுதலையே. வேணுங்குறதை மட்டும் கேட்டிருந்தா இது வந்திருக்காது.”

‘உள்’ என்று பெயர் வைத்துவிட்டதால் அது தானாகவே உள்ளே இருந்துவிடும் என்று நம்பியிருக்கிறேன். அந்தப் பத்தியைக் கேட்டு வாங்கியவளும் நான், அதை விடச் சொல்ல மறந்தவளும் நான். குரூப்பிலிருந்து பட்டியலை அழித்தேன். அதற்குள் பெரும்பாலோர் பார்த்துவிட்டார்கள்.

அந்த அம்மாவுக்குக் கோபம் அடங்கிக் குரல் தாழ்ந்தது. “காலையிலருந்து எம்புள்ள, ‘நான் நல்லாத்தானம்மா இருக்கேன்’னு அதையே சொல்லிக்கிட்டிருக்கா. அவளுக்கு நான் என்னத்தா சொல்ல?”

மன்னிப்புக் கேட்க எழுந்தேன். அதற்குள் அவர் போய்விட்டார்.

மறுநாள் பண்ணைப்புரத்திலிருந்து யாரும் பெண் பார்க்க வரவில்லை. பதினோரு மணிக்குப் பெண்ணின் அப்பா டவுன் பஸ்ஸில் எங்கள் மையத்துக்கு வந்து, போட்டோவையும் ஜாதக நகலையும் வாங்கிக்கொண்டு போனார்.