பாத்திரச் சங்கத்தில் நான் காரியதரிசியாக இருந்தது

யுத்த காலத்தில் பித்தளைக்குப் பெரும் தட்டுப்பாடு. கல்யாணச் சமையலுக்கு அண்டா கிடைக்காமல் ராசிபுரத்து நெசவாளர் தெருக்களில் பெண்ணைப் பெற்றவர்கள் சேலம் வரை அலைந்தார்கள். ஆகவே சிலர் கூடி ஒரு பாத்திரச் சங்கம் ஆரம்பித்தோம். வசதியுள்ளவர்கள் பழைய அண்டா, தவலைகளைக் கொடுத்தார்கள். நான் பள்ளிக்கூட வாத்தியார்; பல ஊர்ச் சங்கங்களின் விதிகளைப் படித்தவன். அந்தக் குற்றத்துக்காக என்னைக் காரியதரிசி ஆக்கினார்கள்.

படித்ததையெல்லாம் ஒரே சங்கத்துக்குள் திணித்தேன். கமிட்டி கூடித்தான் பாத்திரம் கொடுக்க வேண்டும். பாதிப் பேருக்கு மேல் வராவிட்டால் கூட்டம் செல்லாது. மனுச் செய்தவர் கமிட்டிக்காரர்களை நேரில் கண்டு தயவு கேட்கக் கூடாது. கடைசி விதியில் எனக்குத் தனிப் பெருமை.

முதல் மனு ஒரு தறிக்காரருடையது. வைகாசியில் அவருடைய மூத்த மகளுக்குக் கல்யாணம்.

"சம்பந்தி ஊடு ஆத்தூருங்க. வண்டி கட்டிக்கிட்டு ஊரே வருமுங்க. பொங்கிப் போட ஏனம் இல்லீனா என் மானம் போயிருமுங்க, வாத்தியாரே" என்றார்.

அதற்குத்தானே சங்கம் இருக்கிறது என்று தைரியம் சொல்லி, கூட்டத்துக்கு அறிவிப்பு அனுப்பினேன். குறித்த சாயங்காலம் நானும், பூட்டிய அறைக்குள் இருந்த பாத்திரங்களும் மட்டும் கூடினோம்.

மறுநாள் தலைவரிடம் போனேன். அவர் மண்டிக்காரர். "கடுதாசி வந்துதுங்க. ஆனா யாரும் வந்து கூப்புடலீங்களே" என்றார்.

எங்கள் பக்கத்தில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்காத இடத்துக்கு மரியாதைப்பட்டவர்கள் போவதில்லை. இது தெரிந்தும் நான் விதிகளில் எழுத மறந்திருந்தேன். தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன்.

தலைவர் வெற்றிலையை எடுத்துக்கொண்டு, "மொதல்ல எங்கூட்டுக்குத்தான் வந்தீங்களா?" என்று கேட்டார்.

உபதலைவர் வீடு வழியில் இருந்தது. அங்கே முதலில் ஏறியதைச் சொன்னேன். தலைவர் வரவில்லை. தலைவர் வராத கூட்டத்துக்கு மற்றவர்களும் வரவில்லை. உபதலைவர் மட்டும் வந்து, தலைமை நாற்காலியில் சற்று நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார்.

தறிக்காரர் வந்தார். "நான் வேணும்னா ஒரு எட்டுப் போய் அவுங்களக் கேட்டுப் பாக்கட்டுங்களா?"

"விதி இடம் கொடுக்காது."

"எந்த மவராசன் எழுதுன விதிங்க அது?"

நான் நூல் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

கமிட்டியைத் தள்ளிவிட்டுப் பூட்டைத் திறந்திருக்கலாமே என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். சாவி தலைவரிடம் இருந்தது.

கல்யாணத்துக்கு அழைப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. தறிக்காரர் தம் மைத்துனரை அனுப்பினார். யாரை முதலில் அழைப்பது, யாரைப் பின்னால் அழைப்பது என்று அந்த மனிதருக்குத் தெரியும். கமிட்டி முழுவதும் வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தது.

சமையலுக்குத் தெருப் பொது அண்டா உதவியது. தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியைக் காய்ச்சுகிற பெரிய செம்பு அண்டா. புளி போட்டுத் தேய்த்து, அதில் சோறு வடித்திருந்தார்கள். தினம் கஞ்சி காய்ச்சுகிறவரே அடுப்பையும் பார்த்துக்கொண்டார்.

தலைவர் இடமும் வலமும் பார்த்தார். "ஏனுங்க காரியதரிசி, பாதிக்கு மேல இருக்கறமுல்லீங்க?"

"முழுக்கவே இருக்கிறோம்."

"அப்பறமென்ன, இவரு மனுவ இங்கயே முடிச்சிரலாமுங்க."

உபதலைவர் வாயில் பாயசத்தோடு ஆமோதித்தார். பாத்திரம் கொடுப்பதென்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. பிறகு தலைவர் இலையைப் பார்த்து, "சாதம் கொஞ்சம் கொழஞ்சிருச்சுங்களே" என்றார்.

தறிக்காரர் சம்பந்தியின் முகத்தைப் பார்த்தார்.

"கஞ்சி காச்சுற அண்டாங்க. ஆளும் அதே ஆளு. பழக்கம் உடலீங்க" என்றார்.

ஆத்தூர்ச் சம்பந்தியும் தறி நெய்கிறவர்தான். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பல்லில்லாத எங்கப்பாவுக்கு இதான் சரி. அவருக்கு இன்னும் கொஞ்சம் போடுங்க" என்றார். தறிக்காரர் தாமே கரண்டியோடு ஓடினார்.

அவர் திரும்பி வந்தபோது தீர்மானத்தை முறைப்படி தெரிவித்தேன். அது என் கடமை.

"ரொம்பச் சந்தோசமுங்க. சின்னவளுக்கும் இப்பவே ஒரு மனுப் போட்டு வெச்சரட்டுங்களா? இப்பத்தான் நடக்கப் பழகறா."

தலைவர் அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளவில்லை. மனுவை வாங்கிக்கொள்ளும்படி எனக்குச் சைகை காட்டிவிட்டு, மோருக்காகக் கையைக் குவித்தார்.