பன்னீர் ரோஜா வாசம்

திண்டிவனத்தில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் நெற்றி நிறைய விபூதியும் மடிப்புக் கலையாத வேட்டியுமாகத்தான் வெளியே போவார். காலையில் பல் துலக்கும்போது மட்டும் லுங்கியோடு வந்து வாசலில் இருந்த பன்னீர் ரோஜாச் செடியருகே நிற்பார். காறிக் காறி, நுரையை அதன் மேலேயே துப்புவார்.

“இதுக்குப் பராமரிப்பே வாணாம் சார். அது பாட்டுக்குப் பூத்துக்கினே இருக்கும்” என்று பெருமை வேறு. குளித்துவிட்டு வந்து அதே செடியில் பூப்பறித்துச் சாமிக்கு வைப்பார்.

ஒருநாள் தெருப் பெருக்க வந்த அம்மா, வழியில் சாய்ந்திருந்த ரோஜாக் கிளையைக் கையால் ஒதுக்கிவிட்டார். இவர் ஓடிப்போய் அந்தக் கிளையின் பூக்களையெல்லாம் பிய்த்துத் தெருவில் எறிந்தார்.

“அவ கை பட்டுச்சி சார். சாமிக்கு ஆவாது.”

அந்த அம்மா அந்தப் பூக்களையும் சேர்த்துப் பெருக்கினார்.

“தெனம் நீங்க துப்புறீங்களே?” என்றேன்.

அவருக்குக் கோபம்கூட வரவில்லை. “அது நம்ம வாயி சார்” என்றார்.

வீட்டைக் காலி செய்துவிட்டு விழுப்புரம் வந்துவிட்டேன். இப்போதும் கோயிலில் பன்னீர் ரோஜாவைப் பிரசாதமாகக் கொடுத்தால் பற்பசை வாசம்தான் அடிக்கிறது.